மாங்கேணியில் கையெழுத்து வைக்காத கூட்டம்

இந்த வருடம் மட்டக்களப்புக்கு இரண்டு தடவை போய்வந்தேன். மாசியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை. இரண்டும் உல்லாசப் பயணங்கள் அல்ல. ஆனாலும் இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுப் பயணம் கிளம்புகிறவர்கள் விபரம் கேட்டு எழுதுகிறார்கள். ஆகவே புகையிரதம், அறை, வாகனம் பற்றியெல்லாம் வழக்கம்போல எழுதியிருக்கிறேன். அவை மட்டும் போதும் என்பவர்கள் இடையில் உள்ள அந்தப் பந்தியைப் படித்துவிட்டுப் போகலாம்.

கொழும்பில் ஒரு சிறிய நிறுவனம் இருக்கிறது. நாட்டின் வெளியுறவுக் கொள்கையை ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அதன் வேலை. அரசாங்கத்துக்கும் சொந்தமில்லை, கட்சிக்கும் சொந்தமில்லை. யார் பணம் தருகிறார்கள் என்பதைத் தன் இணையத்தளத்திலேயே போட்டுவிடுகிறது. அறிக்கை அச்சாவதற்கு முன் பணம் தந்தவருக்கும் காட்டுவதில்லை, அமைச்சுக்கும் காட்டுவதில்லை. அதன் தமிழ்ப் பிரதிகளைத் திருத்திக் கொடுப்பவள் நான். என் கணவர் இறந்த பின் ஏற்றுக்கொண்ட வேலை. "இந்த வயதில் ஏன் அம்மா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பிழையான தமிழ் இந்த வயதிலும் கண்ணில் குத்துகிறது என்று சொல்லிவிட்டேன்.

மாசியில் அவர்கள் எடுத்திருந்த விடயம் கடல். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து போன ஓர் ஆழ்கடல் படகு, முந்திய வருடம், மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் எஞ்சின் நின்றுபோய், வங்காள விரிகுடாவின் மறுகரைக்கு இழுபட்டுப் போயிற்று. அந்த நாட்டுக் கடற்படை படகிலிருந்த ஆறு பேரையும் பிடித்து அடைத்தது. மீன் திருட வந்தார்கள் என்பது அவர்கள் கட்சி. எஞ்சின் நின்றது என்பது நம்மவர் கட்சி. இரண்டு அரசாங்கங்களும் கடிதம் எழுதிக் களைத்திருந்தன. அது எந்த நாடு என்று நான் எழுதவில்லை. காரணம் போகப்போகத் தெரியும். நிறுவனத்தின் பணிப்பாளர் அந்தக் குடும்பங்களை நேரில் காண விரும்பினார். முன்பு வெளிநாட்டுச் சேவையில் இருந்தவர், சிங்களவர், தமிழில் வணக்கமும் நன்றியும் தெரியும். மொழிபெயர்க்க ஆள் வேண்டும். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் ஆள் வேண்டும் என்றார். நான் மட்டக்களப்பு நகரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். கூட்டவும் குறைக்கவும் அவர்கள் எனக்குக் கற்பிக்கவில்லை.

கோட்டை நிலையத்தில் காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின் புறப்படும் பகல் வண்டியில் போனோம். பொலன்னறுவை வரை பத்திரிகை படிக்கலாம். மன்னம்பிட்டிக்கு அப்பால் படிக்க முடியாது. காடு ஜன்னலை உரசிக்கொண்டு வருகிறது. வண்டியின் ஆட்டத்தில் பாதி நித்திரையும் பாதி விழிப்புமாக, எந்த வருடத்தில் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்பதே சற்று மங்கிவிடும். விடுமுறை முடிந்து பெட்டியோடு பள்ளிக்குத் திரும்பும் சிறுமியாகவும், கைக்குழந்தையோடு போகும் இளம் மனைவியாகவும், தனியே போகும் இந்தக் கிழவியாகவும் ஒரே ஜன்னலில் ஒரே நேரத்தில் இருந்தேன். புனானை கழிந்ததும் வெளிச்சம் மாறும். கடல் இன்னும் வெகுதூரம். ஆனாலும் வானத்தின் அடி வெளுக்கத் தொடங்கும். அதைக் கண்டதும் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் வாவியைப் பார்த்த அறை. பின்னேரம் தண்ணீர் அசையவில்லை. எதிர்க்கரைத் தென்னைகள் தலைகீழாக நின்றன. ஒரு தோணி அவற்றின் நடுவே போயிற்று. தோணி கடந்த பிறகும் வெகு நேரம் தென்னைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. இந்த வாவியில் பாடுவதாகச் சொல்லும் மீனைக் கேட்டீர்களா என்று எழுதிக் கேட்பீர்கள். நான் பிறந்த ஊர் இது, இதுவரை கேட்டதில்லை. கேட்டேன் என்று சொல்பவர்களை மறுத்ததும் இல்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு ஜௌபர் வானோடு வந்தார். ஏறாவூர்க்காரர், நாற்பது வயதிருக்கும், வாய் மூடாத மனிதர். நான் ஒருநாளும் ஆசிரியையாக இருந்ததில்லை. ஆனால் வெள்ளைத் தலையும் கண்ணாடியும் இருந்தால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் டீச்சர்தான். செங்கலடி தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், குறை நினைக்காதீங்க. முன்னால இரிக்கிற சேர் என்ன டிப்பார்ட்மென்ட்?"

"டிப்பார்ட்மென்ட் இல்லைத் தம்பி. வேற நாடுகளோட நாங்க எப்பிடி நடக்கவேணும் எண்டு யோசிச்சு எழுதுற நிறுவனம்."

"யோசிக்கிறதுக்கு ஒரு கந்தோரா?"

"ஓம்."

"சம்பளமும் குடுப்பாங்களா?"

"ஓம்."

"அல்லாஹ்! சும்மா யோசிச்சிட்டு இரிக்கன் எண்டு என்ட பொஞ்சாதி நாள் முழுக்க ஏசுறா. இப்பிடி ஒரு கந்தோர் இரிக்கி எண்டு தெரியாமப் போயிட்டே!"

பணிப்பாளருக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துவிட்டு, "பேச முடியாமல் நிற்கும் இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவில் நாங்கள் போய்ப் பேசுவோம் என்று சொல்லுங்கள்" என்றார்.

"அப்ப கலியாணப் புரோக்கர் எண்டு சொல்லுங்களன்" என்றார் ஜௌபர். "ரெண்டு வீட்டிலயும் தேத்தண்ணி குடிப்பார். கலியாணம் நடந்தா ஆரும் நினைக்க மாட்டாங்க. குழம்பினா ஏச்சு அவருக்குத்தான்."

இதையும் மொழிபெயர்த்தேன். இம்முறை பணிப்பாளர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார்.

அறுவடைக் காலம். கிரான் பக்கம் வயல் வட்டை முழுவதும் பொன்னாக விளைந்து கிடந்தது. காற்று வரும்போது வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு நிழல் ஓடி மறைந்தது. ஓட்டமாவடிப் பாலம் கடந்தபின் கடை, சந்தடி எல்லாம் பின்தங்கிவிடும். பற்றைக் காடு, மணல், இடையிடையே கடல். தண்ணீர் எது, கானல் எது என்று சொல்ல முடியாத வெயில். மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீற்றர். ஒன்றேகால் மணித்தியாலத்தில் மாங்கேணி.

கூட்டம் பல்தேவைக் கட்டடத்தில். ஆறு குடும்பங்களும் மீனவர் சங்கத்தாருமாக இருபது பேர்வரை வந்திருந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் வாசலில் நின்று எதையோ தேடினார்கள். கடைசியில் சங்கத் தலைவர் கேட்டுவிட்டார்.

"டீச்சர், சைன் வைக்கிற பேப்பர் எங்க?"

இல்லை என்றேன்.

"பனர்?"

அதுவும் இல்லை. படம் எடுப்பதும் இல்லை.

பின்வரிசையில் ஒரு கிழவர் உரத்துச் சொன்னார்: "சுனாமிக்குப் பொறகு எத்தின கூட்டத்துக்கு வந்திட்டம். சைன் இல்லாத கூட்டம் இதான் மொதல். இது கூட்டமா, களவா?"

எல்லோரும் சிரித்தார்கள். பணிப்பாளர் எழுந்து காரணம் சொன்னார். இப்படிப்பட்ட நிறுவனங்கள் பின்பற்றும் ஒரு விதி உண்டு: அறையில் கேட்ட விடயத்தை எழுதலாம், சொன்னவர் யார், அந்த அறையில் இருந்தவர் யார் என்பதை வெளியிடக்கூடாது. அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் மற்ற நாட்டவர்களும் கொழும்பில் அவரோடு மனம் விட்டுப் பேசுகிறார்கள். ஒரு அறைக்கு ஒரு விதி, இன்னொரு அறைக்கு இன்னொரு விதி என்றால் அவர்கள் வாயை மூடிவிடுவார்கள்.

நான் சொல்லி முடித்ததும் தூணோரம் இருந்த ஒரு பெண் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கலாம். நீலச் சேலை. பிடிபட்டவர்களில் ஆக இளையவனின் தாய். எஞ்சின் நின்ற அன்று அவன் படகின் வானொலிக் கருவியில் கடைசியாகப் பேசியது இவளோடுதான். படகு முதலாளியின் வீட்டுக் கருவியில் அவன் சொன்னதைக் காதால் கேட்டவள் இவள் ஒருத்தி. பணிப்பாளர் இவ்வளவு தூரம் வந்ததே அந்தப் பேச்சைக் கேட்கத்தான். அது இல்லாவிட்டால் அறிக்கையில் இரண்டு அரசாங்கங்களின் கடிதங்கள் மட்டும்தான் இருக்கும்.

"பேர் போடாட்டி நான் கதைக்கல்ல டீச்சர்" என்றாள்.

"பெயர் போட்டா உங்களுக்குத்தான் கரைச்சல் வரலாம் மகள்."

"பேர் இல்லாமச் சொல்லுறது மொட்டைப் பெட்டிசம். பிரச்சினைக் காலத்தில அப்பிடி ஒண்டு ஆரோ எழுதித்தான் என்ட தம்பியக் கொண்டுபோனாங்க. ஆர் எழுதின எண்டு இண்டைக்கும் தெரியா. நான் ஒருக்காலும் அப்பிடிக் கதைக்க மாட்டன். என்ட பேரையும் போடுங்க, என்ட மகன்ட பேரையும் போடுங்க."

கையெழுத்தில்லாமல் ஒருவர்மேல் அனுப்பும் முறைப்பாட்டை இங்கே மொட்டைப் பெட்டிசம் என்பார்கள்; பிரச்சினைக் காலம் என்பது போர்க்காலம். பணிப்பாளரிடம் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "எனக்கு இரக்கம் இருக்கிறது. ஆனால் நாங்கள் அமைச்சின் பக்கமும் இல்லை, அந்த நாட்டின் பக்கமும் இல்லை. அம்மாவின் பக்கமும் இல்லை. அப்படி இருந்தால்தான் எங்கள் எழுத்தை இரண்டு தரப்பும் படிக்கும். இதை அப்படியே சொல்லுங்கள்."

அப்படியே சொன்னேன். வாழ்க்கையில் நான் மொழிபெயர்த்த வாக்கியங்களில் அதுதான் கடினமானது.

அவள் என்னைத்தான் பார்த்தாள், அவரை அல்ல. "அப்ப ஆர்ர பக்கம்?"

அவரிடம் கேட்டுச் சொன்னேன்: "நடந்தது எதுவோ, அந்தப் பக்கம் எண்டு சொல்லுறார்."

"நடந்தது என்ட மகனுக்குத்தானே?"

சங்கத் தலைவர் நல்ல மனிதர். "தேத்தண்ணி ஆறப்போகுதுகா, குடிச்சிட்டுக் கதைப்பம்" என்று எல்லோரையும் எழுப்பினார்.

நான் கோப்பையோடு கரைக்கு நடந்தேன். மணலில் வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பெயர்: பிள்ளையின் பெயர், சாமியின் பெயர், தாயின் பெயர். அலை மிக மெதுவாக வந்து பெயர்களுக்குக் கிட்ட நின்று திரும்பிப் போயிற்று. இதே தண்ணீர்தான் அந்தக் கரையிலும் இப்போது வந்து திரும்பிக்கொண்டிருக்கும். அந்தச் சிறையிலிருந்து கடல் தெரியுமா என்று யோசித்தேன். தேநீர் கையில் இருந்ததை மறந்துவிட்டேன்.

கைப்பையில் விதி எழுதிய தாள் இருந்தது; அதன் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்தவளே நான். எங்கள் பள்ளியில் ஒரு சிஸ்டர் இருந்தார். "எழுதியிருப்பதைப் படி. எழுதியிருப்பதாக நீ நினைப்பதைப் படிக்காதே" என்று மேசையில் தட்டிச் சொல்வார். அதைப் போலவே படித்தேன். இரண்டாம் தடவை படித்ததும் பணிப்பாளரைக் கூப்பிட்டேன்.

"சொன்னவர், அறையில் இருந்தவர். இந்த இரண்டு பேரைத்தானே விதி மறைக்கச் சொல்கிறது?"

"ஆமாம்."

"அந்த ஆறு பேரும் இந்த அறையில் இல்லையே. எந்த அறையிலும் இல்லை. அதுதானே இங்கே பிரச்சினை?"

அவர் தாளை வாங்கிப் படித்தார். கடலைப் பார்த்தார். பெயர் வெளிவந்தால் உள்ளே இருப்பவர்களுக்குத் தீங்கு வருமா என்று யோசித்தார். இரண்டு நாட்டு அதிகாரிகளின் கடிதங்களிலும் அந்தப் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன; மறைக்க எதுவும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு, "ஆறு குடும்பமும் சம்மதித்தால் மட்டும்" என்றார்.

அங்கேயே கேட்டோம். எல்லோரும் சம்மதித்தார்கள். அந்தத் தாய் மட்டும் கேள்வி கேட்டாள்.

"அவன்ட முழுப் பேரும் வருமா?"

"வரும்."

"தகப்பன்ட பேரோட?"

"தகப்பன்ர பேரோட."

"என்ட?"

"உங்கட பேர் வராது மகள். அதுக்கு மேல அவரால ஏலாது."

"சரி. என்ட பேரப் பொறகு நான் பாத்துக்கொள்ளுறன்" என்றுவிட்டு, தூணோரம் போய் இருந்து, சொல்லத் தொடங்கினாள்.

எஞ்சின் நிண்டுட்டும்மா என்றானாம். கச்சான் அள்ளுது, நங்கூரம் பிடிக்குதில்ல என்றானாம். வேறு படகு ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. நிலம் எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. பிறகு இரைச்சல். இரைச்சலுக்குள், முற்றத்தில் காயப்போட்ட தன் சேர்ட்டை எடுத்து வைக்கச் சொன்னானாம். "எடுத்து வெச்சிரிக்கன்" என்றாள். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பணிப்பாளர் தலை நிமிராமல் எழுதினார்.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. இரண்டாம் வகுப்பு ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். எனக்கு இரண்டாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்கினால் பின்னேர வெயில் முகத்தில் அடிக்கும் என்று சொன்னவர்கள் பிழை. வண்டி கிழக்கே போகிறது, வெயில் முதுகில்தான். வாவியைப் பார்த்த அறை காலை உணவோடு ஒன்பதாயிரம். இடியப்பம் நன்று, சொதியில் தண்ணீர் கூட, அதைச் சமையலறைக்குச் சொல்லியும் விட்டேன். வானுக்கு முழு நாளுக்குப் பதினாலாயிரம், பெற்றோலும் அதற்குள். ஓட்டமாவடிக்கு வடக்கே நல்ல மலசலகூடம் குறைவு. என் வயதினர் ஓட்டமாவடியிலேயே இறங்கிப் போய்வருவது புத்தி. வெள்ளிக்கிழமை மதியம் ஏறாவூர், ஓட்டமாவடிக் கடைகள் பூட்டியிருக்கும். மாசி, பங்குனியில் போனால் விளைந்த வயல் பார்க்கலாம். ஆவணியில் வெயில் கடுமை, ஆனால் கடல் அமைதி.

அறிக்கை ஆனி கடைசியில் வெளிவந்தது. அதற்கு முன் அமைச்சின் அதிகாரி ஒருவர், அச்சாகுமுன் தானொரு தரம் பார்க்கலாமா என்று மிக மரியாதையாகத் தொலைபேசியில் கேட்டார். எல்லோரும் பார்க்கும் அன்று உங்களுக்கும் ஒரு பிரதி வரும் என்று பணிப்பாளர் அதே மரியாதையோடு சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அறிக்கை யாரையும் குற்றம் சாட்டவில்லை. எஞ்சின் நின்று இழுபட்டு வருபவர்களையும் மீன் பிடிக்க வருபவர்களையும் எப்படிப் பிரித்தறிவது, அதற்கு இரண்டு நாடுகளும் என்ன ஏற்பாடு செய்யலாம் என்று எழுதியிருந்தது. நாட்டின் பெயரை முகப்பில் பெரிதாகப் போட்டுக் கூச்சலிடவில்லை; கூச்சலிட்டால் அந்தக் கரையில் பேச்சு நின்றுவிடும். நானும் அதே காரணத்தால்தான் இங்கே எழுதவில்லை. அந்தக் கரையிலும் இதேபோன்ற ஒரு நிறுவனம் உண்டு. அவர்கள் பணிப்பாளரை அழைத்துப் பேசினார்கள். இரண்டு யோசிக்கிற கந்தோர்களும் ஒரே மேசையில் இருந்தபின், ஆறு பேருக்கும் வீட்டோடு தொலைபேசியில் பேச ஒரு தடவை அனுமதி கிடைத்தது. விடுதலை இன்னும் கிடைக்கவில்லை. அறிக்கை கதவைத் திறக்காது. கதவடியில் நின்று பேசுவதற்கு ஒரு காரணத்தைக் கொடுக்கும். அவ்வளவுதான் அதனால் முடியும்.

ஆவணியில் தமிழ்ப் பிரதிகள் முப்பதை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனோம். மாசியில் திறந்து கிடந்த வாவியின் முகத்துவாரம் இப்போது மணலால் மூடியிருந்தது. உள்ளே வாவி, வெளியே கடல், நடுவில் ஒரு மனிதர் நடந்து போகுமளவு மணல். அதன் மேல் இரண்டு நாரைகள் நின்றன. ஜௌபர் ஒரு பிரதி கேட்டு வாங்கி, "இதைப் பொஞ்சாதிக்குக் காட்டணும்" என்று முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

அதே கட்டடம், அதே ஆட்கள். அந்தத் தாய் அதே தூணோரம். அவளுக்குப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ஆறு பெயர்கள். மகனின் பெயரில் விரலை வைத்து, தகப்பன் பெயரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் போனாள். பிழையில்லை, அதை நான் ஐந்து தடவை பார்த்திருந்தேன். பிறகு தான் சொன்ன பகுதியைத் தேடிப் படித்தாள். சேர்ட்டு விடயமும் இருந்தது. அதன் கீழே "ஒரு தாய்" என்று இருந்தது.

"பேனை இரிக்கா டீச்சர்?"

என் மைப்பேனையைக் கொடுத்தேன். நான் யாருக்கும் கொடுப்பதில்லை. "ஒரு தாய்" என்பதற்குக் கீழே மெதுவாகத் தன் பெயரை எழுதினாள். ஊதி மை காயவைத்தாள். அடுத்த பிரதியை எடுத்தாள். அதிலும் எழுதினாள். ஜௌபர் தன் வானில் வைத்திருந்த ஒன்றையும் கொண்டுவரச் சொன்னாள். அவர் ஓடிப்போய் எடுத்து வந்தார்.

"விதி?" என்று பணிப்பாளரிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"விதி என்னைத்தான் கட்டும், அவரை அல்ல" என்றார். ஒவ்வொரு பிரதியாகப் பக்கத்தைத் திறந்து அவளுக்கு நீட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"இப்பதான் இது கூட்டம்" என்றார் பின்வரிசைக் கிழவர்.

முப்பதாவது பிரதி எனக்கு. இதை எழுதும்போது மேசையில் திறந்து கிடக்கிறது. புறப்படும்போது வான் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இதைப் பத்தி எங்கயும் எழுதினா, என்ட பேரோட எழுதுங்க டீச்சர். அவன்ட பேரோடயும்."

அச்சில் இருப்பது: தம்பிராசா நிரோசன். அதே பக்கத்தில், கீழே, என் பேனையின் நீல மையில், சற்றுச் சரிந்த எழுத்தில்: தம்பிராசா யோகேஸ்வரி, மாங்கேணி.